‘எப்பிடி வெட்ட?’

மாத்தளை நகரில் பிரதான வீதியை விட்டுப் பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தச் சலூன். மூன்று நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய விலைப்பலகை. ‘மங்காத்தா’ அஜித்தின் நரைத்த தலை வெளுத்துப்போய்ச் சுவரில் தொங்குகிறது. பக்கத்தில் லசித் மாலிங்கவின் சாயம் பூசிய சுருள்முடி. தேயிலைத் தோட்டங்களில் முடிவெட்டும் தொழில் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தேன்.

முதலாளிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கத்தரி ஓயாமல் பேசுகிறார். “எப்பிடி வெட்டன்னு கேப்பேன் சேர். அதுக்கு வர்ற பதில வச்சே ஆளோட மனசு தெரிஞ்சிரும்” என்றார். ‘எப்பவும் போல’ என்பவருக்கு நாள் ஒரு சீராக ஓடுகிறது. வாடிக்கையாக வருகிறவர் திடீரென்று ‘ஒட்ட வெட்டிருங்க’ என்றால் கடனோ, வீட்டில் சண்டையோ இருக்கும். போனில் படத்தை நீட்டுகிறவன் காதலிக்கிறான், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போகப்போகிறான். ஓ.எல். பரீட்சை எழுதி முடித்த பையன்கள் மாதக்கணக்கில் இந்தப் பக்கமே வரமாட்டார்கள். பள்ளிக்கூடம் ஒட்ட வெட்டச் சொன்ன அத்தனை வருடத்துக்கும் சேர்த்து வளர்ப்பார்கள். இது அவருடைய கணக்கு.

அன்று நாற்காலியில் இருந்த பையன் ஊரைவிட்டுப் போகிற வகை. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம். மறுநாள் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர வேண்டும். அவன் காட்டிய படத்தில் பக்கவாட்டில் முடி கீழிருந்து மேலாகப் படிப்படியாக அடர்ந்து போயிருந்தது. ‘ஃபேட்’ என்றான். முதலாளி மெஷினில் மூன்றாம் நம்பர் மாட்டிக் காதுக்கு மேலே ஒரு சுற்று வந்தார். அதற்குக் கீழே இரண்டு, பிறகு ஒன்று, அடியில் நம்பரே இல்லாமல் வெறும் மெஷின். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் நடுவே விழுந்த கோட்டை அழிக்கத்தான் அதிக நேரம் எடுத்தார். மெஷினின் லீவரைப் பாதி திறந்து, மணிக்கட்டை வெளிப்பக்கம் சுழற்றிச் சுழற்றி எடுத்தார். “கோடு தெரிஞ்சா தொழில் தெரியலன்னு அர்த்தம்” என்றார். கடைசியில் சவரக்கத்தியில் புதுப் பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டி, பிடரியை ஒதுக்கிப் படிகாரம் தடவினார்.

பையனின் அம்மா வாசல் பெஞ்சில் காத்திருந்தார். கொழுந்து எடுப்பவர். கூடைக் கயிறு வருடக்கணக்கில் பதிந்த உச்சியில் முடி மெலிந்திருந்தது. மகனுடைய தலைக்கு இவ்வளவு காசா என்று கேட்பார் என நினைத்தேன். “எம் முடியத்தான் கயிறு தின்னுருச்சு. அவனாவது ஆசைப்பட்டபடி வெட்டிக்கிறட்டும்” என்றார்.

அந்த ஆசைக்கு முந்தைய தலைமுறையில் இடமே இருக்கவில்லை. முதலாளியின் அப்பா தோட்டத்து நாவிதர். கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த காலத்திலிருந்து தோட்டத்துக்கு ஒரு நாவிதர், ஒரு சலவைத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. அவர்களுக்கான காசைத் தொழிலாளர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கோயில் காசு, சங்கச் சந்தா வரிசையில் அதுவும் ஒரு பிடிப்பு. லயத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் பலகை போட்டு, வரிசையாகக் குந்தவைத்து வெட்டுவார். எல்லாருக்கும் ஒரே வெட்டு. “எப்பிடி வெட்டன்னு எங்கப்பா யாரையும் கேட்டதில்ல சேர். வாய்யா, போய்யான்னுகூட அவரை யாரும் கூப்பிட்டதில்ல. சின்னப் பசங்களும் சாதியச் சொல்லித்தான் கூப்புடுவாங்க.”

மாற்றத்தைச் சினிமாவும் விளையாட்டும் மலைக்குக் கொண்டுவந்தன. ஸ்டெப் கட்டிங் வந்தது. 2002 கால்பந்து உலகக் கிண்ணத்தில் பிரேசில் வீரர் ரொனால்டோ நெற்றியில் மட்டும் கொஞ்சம் முடியை விட்டுவிட்டு மற்றதைச் சிரைத்துக்கொண்டு வந்தார். 2005இல் ‘கஜினி’ படத்து மொட்டை. மரத்தடிப் பலகையில் இதையெல்லாம் கேட்க முடியாது. கேட்க விரும்பியவர்கள் பஸ் ஏறி டவுனுக்கு வந்தார்கள். தன் தலையை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத் தோட்டத்துப் பையன் தானே முடிவு செய்யத் தொடங்கியது அப்போதுதான். அவர்கள் பின்னாலேயே நாவிதரின் மகனும் டவுனுக்கு வந்து நாற்காலி போட்டார்.

முடியின் பழைய மொழியும் போய்விடவில்லை. பெற்றவர் இறந்தால் மொட்டை. மனைவி உண்டாகியிருந்தால் முடி எடுக்காத கணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கார்த்திகையில் தாடியோடு நடமாடுகிறார்கள். மாசிமகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் வீதிக்கு வரும் நாட்களில் நேர்த்திக்கடன் தீர்க்கிறவர்கள் வருகிறார்கள். சாவும் பிறப்பும் வேண்டுதலும் இதே நாற்காலிக்குத்தான் வந்துபோகின்றன.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் போனபோது மெஷின் ஓடவில்லை. முதலாளி தன் அப்பாவின் கைமெஷினையும் கத்தரியையும் எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து ஓட்டியிருக்கிறார். அந்த வேலை தெரியாத இளம் பையன்கள் கடை வாசலில் சும்மா நின்றார்களாம்.

காலையிலிருந்து இரவு வரை நின்றே செய்கிற தொழில். முதலாளியின் காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் வெட்டுகிற இளைஞர் பரம்பரையாக வந்தவரல்ல. முடியலங்காரத்துக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வாங்கிவிட்டு வந்தவர், சிங்களவர். முதலாளியின் சொந்த மகனோ இந்தத் தொழிலே வேண்டாம் என்கிறான். வருமானம் காரணமில்லை. சலூன்காரர் மகன் என்றதும் பெண் வீட்டார் விசாரிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள்.

நம் தலைமுடி நம் வளர்ச்சியைக் காட்டுவது உண்மைதான். அதைச் செதுக்கித் தருகிறவரை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் நம் வளர்ச்சியை அளக்க வேண்டும். ‘எப்பிடி வெட்ட?’ என்று மரியாதையோடு கேட்கிறவரிடம் மரியாதையோடு பேசுங்கள். விலைப்பலகையில் இருப்பதைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பழைய சாதிப் பெயரை உங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள்.