கண்காணிப்பு

ஐந்து ஆண்டுகள் எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதிக்கு நான் வார்டனாக இருந்தேன். மாலை ஆறு மணிக்கு வாசற்கதவைப் பூட்டுவோம். அதற்குமேல் வருகிற பெண்ணின் பெயருக்கு நேரே பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் வீட்டுக்குத் தொலைபேசி. இதற்குக் கண்காணிப்பு என்று பெயர். பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தான் என்று நானும் நம்பினேன்.

அதே சொல்லோடு ஒருநாள் விலங்கியல் துறைத் தோழி வந்தாள். தனுஷ்கோடி மணலில் கூடு வைக்கும் பறவைகளைக் கண்காணிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் வேண்டும் என்றாள். என் முனைவர் பட்ட ஆய்வு நெய்தல் திணைப் பாடல்களைப் பற்றியது. கடற்கரையில் நின்று பறவைகளிடம் புலம்பும் தலைவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்தப் பறவைகள் எங்கே முட்டையிடும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கத்தோடு சரி என்றேன்.

நாங்கள் தேடியது உப்புக்கொத்தியை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முட்டையிடும் இந்த உப்புக்கொத்தியை கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2023இல் வெளிவந்த ஆய்வுதான் இது தனி இனம் என்று காட்டி, அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் கொடுத்தது.

இது கூடு கட்டுவதில்லை. மணலில் நெஞ்சை அழுத்திச் சுழன்று ஒரு சிறு குழி பறிக்கும். அதில் இரண்டு அல்லது மூன்று முட்டைகள், மணல் நிறத்தில் கரும்புள்ளிகளோடு. ஒரு முழம் தள்ளி நின்றாலும் கண்ணுக்குப் படாது. மணல்திட்டுகளில் கூட்டமாக முட்டையிடும் ஆலாக்கள், யாராவது நெருங்கினால் ஒன்றாக எழும்பித் தலைக்கு மேல் கத்திப் பாயும். உப்புக்கொத்திக்கு அந்தக் கூட்டப் பலம் கிடையாது. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓசையில்லாமல் நழுவிவிடும். இல்லையென்றால் சிறகொடிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடி, நம் கவனத்தைத் தன் பக்கம் திருப்பும்.

முதல் பருவத்தின் மூன்றாம் ஞாயிறு நானாகவே ஒரு கூட்டைக் கண்டுபிடித்தேன். மூன்று முட்டைகள். அடையாளம் எதுவும் வைக்கக் கூடாது என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் அடுத்த வாரம் வந்தால் எப்படித் தேடுவது? அவள் பார்க்காத நேரத்தில் நாலடி தள்ளி ஒரு குச்சியை நட்டு, சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு குச்சி இருந்தது. குழியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளும் மணலோடு காய்ந்த மஞ்சள் கருவும் கிடந்தன. சுற்றிலும் காக்கையின் கால் தடம். கரைவலையில் வந்த மீனைப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குச்சிய நட்டா காக்கா வந்து உக்காரத்தான செய்யும், டீச்சரம்மா? நீங்க நேரா நடந்து போன தடத்துலயே நாயும் போவும்."

அந்தக் குச்சி பறவைக்காக நட்டதல்ல. என் வசதிக்காக நட்டது.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் நினைவு வந்தது. முந்தைய ஆண்டு அவள் பெயருக்கு நேரே மூன்று சிவப்புக் குறிகள் போட்டவள் நான். விதிப்படி அவள் வீட்டுக்குப் பேசினேன். மறுநாள் அப்பா வந்து பெட்டியோடு கூட்டிப்போனார். தை மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது. அந்த மூன்று மாலையும் அவள் மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள் என்பதை அறைத்தோழி பிறகுதான் சொன்னாள். எங்கே போனாய் என்று நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடம் பதிவேட்டில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

வார்டன் பதவியை விட்டேன். அது பரிகாரம் என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விதி அப்படியேதான் இருந்தது; வேறொருவர் கையில் அதே சிவப்புப் பேனா.

கடற்கரையில் மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தொலைவில் உட்கார்ந்து இருநோக்கியில் பார்க்க வேண்டும். பறவை திரும்பிவந்து அடையில் அமரும் வரை அசையக் கூடாது. கூட்டுக்கு நேராக நடந்துபோய், போன வழியே திரும்பக் கூடாது. வேறெங்கோ போகிறவள்போல் கடந்துபோய்விட வேண்டும். நண்பகலில் அந்தப் பக்கமே போகக் கூடாது. அந்த வெயிலில் பறவை அடைகாப்பது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. சிலசமயம் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமரும். நாம் எழுப்பிவிட்டால் அந்த நிழல் போய்விடும். பார்ப்பவள் வந்துபோனது தெரியாமல் இருந்தால்தான் அது நல்ல கண்காணிப்பு.

இந்த ஆண்டு வார்டன் பொறுப்பை மறுபடி கேட்டு வாங்கினேன். கூட்டத்தில், "ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்றார்கள். நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். நூலகத்துக்குப் போகிறவர்கள் எட்டரை வரை வரலாம் என்பது மட்டும் நிறைவேறியது. வீட்டுக்குப் பேசும் விதி இன்னும் இருக்கிறது. பேசுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். போனவளுக்கு இதனால் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வைகாசியில் ஒரு கூடு காலியாகக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். குழியின் அடியில் கடுகளவு ஓட்டுத் துகள்கள். பொரிந்திருந்தால் இப்படித்தான் இருக்கும். பொரிந்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் நடந்துபோய்விடும். அவற்றை நான் பார்க்கவில்லை. தூரத்தில் ஒரு பறவை சிறகை இழுத்துக்கொண்டு கத்தியபடி ஓடியது. 'குஞ்சு இருக்கலாம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வந்த வழியே திரும்பாமல் கடலோரமாகச் சுற்றி நடந்தேன்.