புகையின் கணக்கு

அமெரிக்காவில் பல வருஷங்களாக வாசம் செய்யும் நண்பர் ஒருவர், மேற்கு வர்ஜீனியா வரை வந்துவிட்டுக் காஸ் மலை ரயிலில் ஏறாமல் திரும்புவதாவது என்று கடிந்துகொண்டு, தாமே என்னை அங்கே அழைத்துப் போனார். 1901-ல் ஒரு காகிதக் கம்பெனி, ஸ்புரூஸ் மரத்துக்காகக் காட்டின் நடுவில் உண்டாக்கிய ஊர் காஸ். 1960-ல் மரம் வெட்டும் தொழில் நின்றுபோனபின், மாநில அரசு தண்டவாளத்தையும் எஞ்சின்களையும் வாங்கி, 1963-ல் உல்லாசப் பிரயாணிகளுக்காக ரயிலை ஓட்டத் தொடங்கியது.

எஞ்சினின் பெயர் ஷே. மிச்சிகனில் மரம் வெட்டும் தொழில் நடத்திய இஃப்ராயிம் ஷே என்பவரின் யோசனையில் பிறந்த யந்திரம். வலப்பக்கத்தில் மூன்று சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்க, அந்தப் பாரத்துக்கு ஈடாகக் கொதிகலன் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. சிலிண்டர்கள் சுழற்றும் நீண்ட தண்டு, பற்சக்கரங்களின் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் சக்தியைக் கொடுப்பதால், 100 அடிக்கு 11 அடி உயரும் ஏற்றத்திலும் அது வழுக்காமல் ஏறுகிறது. மற்ற நுட்பங்களை நண்பர் நெடுநேரம் விஸ்தரித்தார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

என் கவனமெல்லாம் கரி தள்ளுகிற இளைஞரிடம் போய்விட்டது. புறப்படுமுன் எண்ணெய்க் கேனும் கையுமாகக் குனிந்து, பல்லுக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தவர், கரும்புகையைப் படம் பிடிக்க முண்டியடித்த கூட்டத்தைக் கண்டு சிரித்தார். "கறுப்பாக வந்தால் கரி சரியாக எரியவில்லை என்று அர்த்தம், ஐயா. இவர்களுக்கு அதுதான் அழகு!"

வளைந்து திரும்ப இடமில்லாத இரண்டு இடங்களில், வண்டி முட்டுப்பாதையில் போய் நின்று, பிறகு பின்னோக்கி ஏறுகிறது. பிரயாணிகளுக்கு அது வேடிக்கை, அந்த இளைஞருக்கோ விசாரம். அதுவரை மேல்நோக்கியிருந்த எஞ்சினின் முகம் முதல் இடத்தில் கீழ்நோக்கிவிடுவதால், கொதிகலனுக்குள் இருக்கும் தண்ணீர் முன்பக்கம் சாய்ந்து, நெருப்புப் பெட்டியின் மேல்தகடு வறண்டுபோகக்கூடும். வறண்டால் பெரும் விபரீதம். ஆகையால் முன்கூட்டியே நீர்மட்டத்தை உயர்த்தி, கண்ணாடிக் குழாயை விட்டுக் கண்ணெடுக்காமல், கரியையும் வாரி வீசுகிறார்.

4,800 அடிக்கு மேற்பட்ட பால்ட் நாப் சிகரத்தருகே மீண்டும் தழைத்திருக்கும் ஸ்புரூஸ் மரங்களைக் காட்டி, காட்டை அழிக்க வந்த யந்திரமே இப்போது காட்டைக் காட்டப் பிரயாணிகளை ஏற்றி வருகிறதே என்று நண்பர் புளகாங்கிதம் அடைந்தார். எனக்கு அவ்வளவு திருப்தி உண்டாகவில்லை. அந்த மரங்களை வெட்டியவர்கள் மலைமேல் முகாம்களில் கிடந்து, பனியிலும் மழையிலும் உழைத்தவர்கள். கீழே ஊரிலோ வீடும் கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. வலக்கையால் கொடுத்த கூலியை இடக்கையால் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு நாகரிகமான பெயர்கள் ஆயிரம் இருக்கலாம், நான் அதைச் சுரண்டல் என்றே சொல்வேன். ஊரில் இருந்த மர ஆலை 1982-ல் தீக்கிரையாயிற்று. கடை மட்டும் இன்னும் நடக்கிறது. ஞாபகப் பொருள்கள் விற்கிறார்கள்.