மீதி வைக்காத எண்

எங்கள் சிவகாசிப் பக்கம் பட்டாசுச் சரத்துக்கு எண்தான் பெயர். ஆயிரம் வாலா, ஐயாயிரம் வாலா, பத்தாயிரம் வாலா. (உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை!) கேட்பதற்குக் கம்பீரமாக இருந்தாலும், பங்கு போட 10,000 அவ்வளவு நல்ல எண் இல்லை. மூன்று பேருக்குப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். ஆறு பேர் என்றாலும் ஏழு பேர் என்றாலும் நான்கு மிஞ்சும்.

மிச்சத்தின் கஷ்டம் எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவோம். கூலி குரோஸ் கணக்கு; ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. அக்கா, நான், தங்கை மூவருக்கும் ஆளுக்கு 48. அத்தை மகள் வந்தால் 36. அவள் தம்பியும் சேர்ந்துகொண்டால்தான் வம்பு. ஆளுக்கு 28 போக நான்கு பெட்டி நிற்கும். பங்கை முடித்தவர்தான் பாடப் புத்தகத்தைத் தொடலாம் என்பதால் அந்த நான்குக்கு அடிதடியே நடக்கும். குரோஸ் நிறையாவிட்டால் கூலியும் இல்லை. கடைசியில் அடுப்படியிலிருந்து அம்மா எழுந்துவந்து ஒட்டுவார்.

இப்போது விருதுநகரில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ராமானுஜன் 1915-ல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்ட நீண்ட கட்டுரை, இந்தப் பங்கு விஷயம்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை அவர் தேடினார். உதாரணம் 12. அதற்கு ஆறு வகுத்திகள். அதைவிடச் சிறிய எதற்கும் நான்குக்கு மேல் கிடையாது. இங்கே எஃப்.ஏ. தேறாத அந்தத் துறைமுக குமாஸ்தாவுக்கு, 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான்.

10,000-க்கு வகுத்திகள் 25. இன்னும் 80 வெடி கூட்டி 10,080 ஆக்குங்கள், 72! அதுவும் அந்த வகை எண்தான்.

ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை: 7×5×3×3×2×2×2×2×2. விடை என்ன தெரியுமா? அதே 10,080!

போன வாரம் பிள்ளைகள் கரும்பலகையில் அதை 1, 2, 3 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனார்கள். 28 வரை மீதியே விழவில்லை. 29-ல்தான் நின்றது, மீதி 26.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். ராமானுஜன், கேம்பிரிட்ஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அஞ்சு பேருக்குச் சரியா வருதா?” என்றார்.

“வரும்மா. ஆளுக்கு 1349265677760.”