கடல் கடந்த மடல்: சம்பளக் கழிவில் ஒரு சைக்கிள்

அன்புள்ள மலையக உறவுகளுக்கு,

பிரித்தானியாவில் ‘சைக்கிளில் வேலைக்கு’ என்றொரு திட்டம் 1999 முதல் இருக்கிறது. தொழில் தருபவர் சைக்கிளை வாங்கி ஊழியருக்கு வாடகைக்குக் கொடுக்கிறார். வாடகை மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. வரி கணக்கிடும் முன்பே கழிவதால், அந்தத் தொகைக்கு வருமான வரியும் தேசிய காப்புறுதிக் கட்டணமும் இல்லை. இந்த வழியில் பிள்ளைக்கோ துணைக்கோ பரிசாக ஒரு சைக்கிள் வாங்கிவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் அந்தச் சைக்கிள் பெரும்பாலும் அந்த ஊழியரே வேலைக்குப் போய்வரப் பயன்பட வேண்டும் என்பது சலுகையின் நிபந்தனை. வாடகைக் காலம் முடியும்வரை அது அவருடைய சொத்தும் அல்ல. உரிமை கைக்கு வந்த பின் அவர் யாருக்கும் கொடுக்கலாம். அதற்கு முன் கொடுத்தால் இன்னொருவர் பொருளைப் பரிசளித்ததாகும். எத்தனை நாள் ஓட்டினார் என்று பதிவு வைக்கச் சொல்வதில்லை என்பது உண்மைதான். அது ஊழியர்மேல் வைத்த நம்பிக்கை, நிபந்தனையைத் தளர்த்திய அனுமதி அல்ல.

நான் சொல்ல வருவது இதைவிடப் பெரியது. வரிச் சலுகை என்பதே பொதுப்பணத்திலிருந்து போகும் பரிசு. அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1,000 பவுண் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய விகிதப்படி, சாதாரண வரிப் படியில் இருப்பவர் 20 சதவீத வருமான வரியும் 8 சதவீதக் காப்புறுதிக் கட்டணமுமாக 280 பவுண் மிச்சப்படுத்துகிறார். கூடச் சம்பாதித்து 40 சதவீதப் படியில் இருப்பவருக்கு வரியும் காப்புறுதிக் கட்டணமுமாக 420 பவுண் மிஞ்சுகிறது. குறைந்தபட்சக் கூலி வாங்குபவருக்கு ஒன்றுமே இல்லை. கழிவு போக மிஞ்சும் சம்பளம் அந்தக் கூலிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதால் அவரால் திட்டத்தில் சேரவே முடியாது. அவரைப் பாதுகாக்க வந்த விதி சரியானது. அவரை விட்டுவிட்டுப் பரிசைப் பங்கிட்ட முறைதான் பிழையானது.

இதை அப்படியே இலங்கை மலையகத்தின் நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் கொண்டுபோனால் என்ன ஆகும்? சம்பளத்தில் கழித்துப் பொருள் வாங்குவது மலையகத்துக்குப் புதிதல்ல. தீபாவளி முற்பணம் அப்படித்தான் வருகிறது. பிள்ளைக்குப் புது உடுப்பு வாங்கியபின் தவணை தவணையாகச் சம்பளத்தில் கழிகிறது. இல்லாதது வரிச் சலுகை ஒன்றுதான். அது வந்தாலும் பயன் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து இலங்கையில் மாதம் 1,50,000 ரூபாய்க்கு மேல் உழைப்பவருக்கே வருமான வரி. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்துக்கு மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750 ரூபாய். நாட்சம்பளத்தை 1,750 என்று வைத்தாலும் மாதத்துக்கு 43,750தான். வரி எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கட்டாத வரியில் என்ன கழிவு கேட்பது? அந்தச் சலுகை கொழும்பு அலுவலகங்களுக்குப் போய்ச் சேரும். கொழுந்து பறிப்பவரின் லயத்துக்கு வராது.

ஆகவே பரிசு வரி வழியாக அல்லாமல், படிக்கப் போகும் பிள்ளையிடம் நேராகப் போக வேண்டும். இந்தியாவின் பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகளின் தொகை 32 சதவீதம் கூடியது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பலன் கூடுதலாகத் தெரிந்தது. தடையாக நின்றது தூரம். தூரத்தைக் குறைத்ததும் பிள்ளைகள் வந்தார்கள். தோட்டப் பாடசாலைகள் பல கீழ்வகுப்புகளோடு நின்றுவிட, மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டியிருக்கும் பிள்ளைகளுக்கும் இதே தூரம்தான் தடை.

பீகார் சமவெளி, நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ஏற்றத்திலும் மழையிலும் சைக்கிள் ஏறுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏறாத இடத்தில் சைக்கிள் கொடுப்பது வீண். அங்கே தேவை 2005இல் தொடங்கிய ‘சிசு செரிய’ போன்ற பாடசாலை பஸ் தோட்டத்துப் பாதைவரை வருவதும், அதற்கான சீசன் டிக்கட்டும்தான். உதவி போக மிஞ்சும் செலவுக்கு முற்பணம் என்றால், சம்பளத்தில் இன்னொரு கழிவா என்ற அச்சமும் நியாயமானதே. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில், தொழிலாளியின் கடனைத் தீர்த்தால்தான் இன்னொரு தோட்டம் அவரை எடுக்க முடிந்தது. கடனே ஆளின் விலையாக இருந்தது. அதனால் முற்பணம் வட்டியில்லாமல், கேட்டவருக்கு மட்டும், தவணைக்கு உச்ச எல்லையோடு இருக்க வேண்டும்; தோட்டத்தை விட்டுப் போகவோ வேறு வேலை தேடவோ அது தடையாகக்கூடாது. இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்பவர்களுக்கு ஒரு பதில்: 420 பவுண் சலுகை வாங்கும் அதிகாரியை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. கொழுந்துக் கூடை சுமப்பவரின் பிள்ளைக்கும் அதே மரியாதை உண்டு.

பிரித்தானியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: போக்குவரத்துச் செலவில் தொழில் தருபவருக்கும் அரசுக்கும் பங்குண்டு என்ற கொள்கை. விட்டுவிட வேண்டியது, அந்தப் பங்கை வரிக்குள் ஒளித்து வைக்கும் முறை. இனி எழுதப்படும் கூட்டு ஒப்பந்தத்தில் தீபாவளி முற்பணத்துக்குப் பக்கத்தில் படிப்புப் பயணம் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி உங்கள் சங்கங்களிடம் கேளுங்கள். அதில் தோட்டம் எவ்வளவு, அரசு எவ்வளவு என்று வெளிப்படையாக எழுதியிருக்கட்டும். சைக்கிளா பஸ்ஸா என்பதை அந்தந்த வீடு தீர்மானிக்கட்டும்.

அன்புடன்,
இங்கிலாந்திலிருந்து உங்கள் மலையக உறவு