மாட்டுவண்டிக்கு ஒரு ஸ்பீடாமீட்டர்

என் செல்லக் கமலி,

பரீட்சைத்தாள் கட்டுக்கு நடுவில்தான் இதைப் படிப்பாய் என்று தெரியும், இருந்தாலும் கணக்கு டீச்சரான உன்னை விட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யாரடி இருக்கிறார்கள், என் மாமியார் இன்னமும் நான் ஆபீசில் பொம்மைப்படம் பார்த்துச் சம்பளம் வாங்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அனிமேஷன் ஷாட்டில் நெல்மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று கிணற்றைச் சுற்றிவந்து கிளம்பின இடத்திலேயே நிற்கும். 'பறக்குதே' என்று ஒருத்தர், 'சரியாத்தான் போகுது' என்று இன்னொருத்தர், டீ ஆறிப்போகிற வரைக்கும் வாக்குவாதம். பேசித் தீராது என்று, நாங்கள் படம் செய்கிற பிளெண்டர் மென்பொருளில் பைத்தான் நிரல் எழுதி, 'என்' விசையைத் தட்டினால் வலப்பக்கம் திறக்கிற பட்டையில் எனக்கென்று ஒரு பேனல் வைத்துவிட்டேன்.

உனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். தொடங்கிய புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் தூரம் எடுத்தால் விடை பூஜ்யம்! அதனால் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, எக்ஸ், ஒய், இசட் மூன்றிலும் வித்தியாசம் எடுத்து, வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு (நம்ம பித்தாகரஸேதான்) எல்லாத் துண்டையும் சேர்த்தேன். மாடுகளை வேறு வண்டியோடு பேரண்ட் பண்ணியிருந்தார்களா, அவற்றின் லொகேஷனைக் கேட்டால் வண்டியைப் பொறுத்த இடத்தைச் சொல்லி, அசையவே இல்லை என்று சாதிக்கும். உலகத்தைப் பொறுத்த இடத்தைச் சொல்கிற மேட்ரிக்ஸ் வேர்ல்டைக் கேட்டால்தான் உண்மை வரும்.

இந்தக் கணக்கைப் பேனலின் டிரா ஃபங்ஷனுக்குள் எழுதக் கூடாதடி, திரையில் அந்தப் பகுதி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அது ஓடும், காட்டுவது மட்டும்தான் அதன் வேலை, தகவலை மாற்றப்போனால் பிளெண்டரே தடுத்துவிடும். 'அள' என்று ஒரு பட்டன், அதற்குப் பின்னால் ஓர் ஆப்பரேட்டர். அது அளந்து சீனில் எழுதிவைக்கும், பேனல் வாசித்துக் காட்டும்.

ஃபிரேமுக்குச் சராசரி 0.25 மீட்டர் என்று வந்தது. நொடிக்கு 24 ஃபிரேம், ஆக 6 மீட்டர், மணிக்கு 21.6 கிலோமீட்டர்! ரேக்ளா மாடு ஓடலாம், மூட்டை சுமக்கிற மாடு ஓடுமாடி? வாக்குவாதம் அத்தோடு ஓய்ந்தது.

இந்தப் பிளெண்டர் காசில்லாத மென்பொருள், தெரியுமோ? 2002-இல் ஆர்வலர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலை விடுவித்தார்கள். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் பூனைப்படம் 'ஃப்ளோ'கூட இதில் செய்ததுதான். உங்கள் பள்ளி லேபில் போட்டு வையேன், பித்தாகரஸ் நடத்தும்போது பிள்ளைகளுக்கு வண்டியை ஓட்டிக் காட்டலாம். ஸ்கிரிப்டை மெயிலில் அனுப்புகிறேன், போட்டுப் பார்த்துவிட்டு மறக்காமல் பதில் எழுது.

உன்,
வசந்தி