தெரிந்தேதான் அனுப்பினேன்

காரைக்கால் கடலோரக் கிராமம் ஒன்றில் பையன்களுக்குக் கபடி சொல்லித் தருகிறேன். தலையில் அடிபட்டுக் கலங்கியிருந்த பதினைந்து வயதுப் பையனை மறுபடி கோட்டுக்குள் அனுப்பியவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். அது பொய்.

கோயில் திருவிழா ஆட்டம். சப்-ஜூனியர் என்றால் 16 வயதுக்குள், 55 கிலோவுக்குள் என்று விதி இருக்கிறது. திருவிழா ஆட்டத்தில் யார் எடை பார்க்கிறார்கள்? வளர்ந்த ஆட்களோடு இறக்கிவிட்டேன். ரைடு போனவனை எதிரணியின் கார்னர், கவர் ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமுக்கியதில், ஒருவருடைய முட்டி அவன் பொட்டில் இடித்தது. எழுந்தவன் எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கூட்டி வந்தோம். "அண்ணே, ஸ்கோர் என்ன?" என்றான். சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடி அதையே கேட்டான். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நாங்கள் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். அவுட்டாகியிருந்த அவன் ரிவைவ் ஆகி மறுபடி ஆடலாம் என்றானதும் தலையில் தண்ணீர் ஊற்றி, "ஒண்ணும் இல்லடா, போ" என்றேன்.

2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் மானடிக்குப்பத்தில், ரைடு போன 22 வயது வீரர் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்ததை நான் அறிவேன். அதிர்ந்த மூளை தேறுமுன் இன்னொரு அடி விழுந்தால் வீங்கி உயிரையே வாங்கலாம், இளவயதில் ஆபத்து அதிகம் என்பதும் தெரியும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படித்தான் அடிபட்ட ஆட்டத்திலேயே திரும்ப இறங்கி, முடங்கிப் போனான். அப்படித் திரும்ப இறக்குவதைத் தடுக்கவே 2009இல் அங்கே சட்டம் வந்தது.

நான் திரும்ப அனுப்பிய பையன் இரண்டாவது ரைடில் தடுமாறி விழுந்து, வாந்தி எடுத்தான். தலையில் மறுபடி அடி விழாதது அவன் அதிர்ஷ்டம். அதன்பின் பல மாதம், பாடப் புத்தகத்தில் ரெண்டு பக்கம் படித்தாலே தலைவலி.

கபடி இல்லாவிட்டால் பிள்ளைகள் சாராயக்கடைப் பக்கம் போய்விடுவார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ், ரயில்வே வேலை கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லியே பெற்றோர் வாயை அடைத்திருக்கிறேன். அதில் பொய் இல்லை. அதனால்தான் யாரும் என்னை எதிர்த்துக் கேட்கவில்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

கடைசியில் அவன் அம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "உன்ன நம்பித்தானே தம்பி விட்டேன்" என்றார். தலையில் அடிபட்டவன் அன்றைக்கு மறுபடி கோட்டைத் தொடக் கூடாது, டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறங்கலாம், சிறுவர்களுக்கு எடை பார்த்துத் தனி ஆட்டம் வேண்டும் என்று விழாக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒத்துக்கொள்ளாத ஊர்களுக்கு எங்கள் அணி போகாது.