பாலும் வேண்டாதவளோடு ஒரு பயணம்

இங்கிலாந்துப் பயணத்தில் எங்களோடு வந்த அண்ணன் மகள் இறைச்சி, மீன் மட்டுமன்றி முட்டை, பால், வெண்ணெய், தேன் ஆகியவற்றையும் தொடாதவள். தவக்காலத்தில் இறைச்சியை மட்டும் ஒதுக்கிப் பழகிய எங்களுக்கு இது புதிது. இத்தகையோரை 'வீகன்' என்பர். 1944-இல் அந்நாட்டிலேயே டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் தொடங்கிய சங்கத்தோடு பிறந்த சொல் அது.

முதல் நாளே தடுமாறினோம். கிளைகள் பல கொண்ட உணவகமொன்றின் பட்டியலில் 'வி' என்னும் எழுத்தைக் கண்டு, கவலை தீர்ந்ததென்று ஒரு பண்டத்தைத் தருவித்தோம். அதன்மேல் பாலாடைக்கட்டி உருகிக் கிடந்தது! 'வி' என்பது பெரும்பாலும் நம்மூர்ச் சைவத்தையே குறிக்குமாம்; 'வீகன்' என்றே எழுதியிருக்கிறதா எனப் பார்த்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லாமல் பாலில்லாத் தேநீரோடு எழுந்துவிட்டாள். எங்களுக்கோ உணவு தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு பட்டியலை நம்பாமல் பணியாளரிடம் கேட்கக் கற்றோம். கிரெக்ஸ் ரொட்டிக்கடைகளில் 2019 முதல் விற்கும் இறைச்சியில்லாச் சாசேஜ் ரோல் பலமுறை கைகொடுத்தது. மெக்டொனால்ட்ஸின் உருளைக்கிழங்கு வறுவலும் அங்கே அவளுக்கு ஆகும். அதே நிறுவனம் அமெரிக்காவில் விற்கும் வறுவலிலோ மாட்டிறைச்சிச் சுவையூட்டியும் பால் சார்ந்த பொருளும் உண்டு!

சென்னை திரும்பியதும், "இது சைவ உணவகந்தானே" என்று பெருமையோடு அழைத்துச் சென்றோம். பொங்கலில் நெய், காப்பியில் பால், வடையும் தயிரில். இட்லியும் சாம்பாரும் கேட்டாள்.

"சாம்பாரில் நெய் ஊற்றாதீர்கள்" என்று அவளுக்கு முன்பாக நாங்களே சொன்னோம்.